புகை போன வழி

அந்தத் தெருவில் சீலிங்காரர் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். வீடுகளின் உள்கூரைக்குப் பலகை பொருத்தி, பிளாஸ்டரில் கொடியும் பூவும் வார்த்து, வெள்ளையடித்துக் கொடுப்பது அவர் தொழில். இருபத்திரண்டு வருடமாக அண்ணாந்து பார்த்தே வேலை செய்ததில், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் மேலே போய்விட்டுத்தான் ஆட்களிடம் இறங்கும்.

“முதல்தடவை என்னைப் பார்க்க வந்தப்பவே எங்க வீட்டு விட்டத்தைத்தான் பார்த்தார். இன்னைக்கு வரைக்கும் என் முகம் இவருக்குச் சரியாத் தெரியுமான்னு எனக்குச் சந்தேகம்” என்பாள் அவர் மனைவி.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரத்தில் நான்கு நாள் இரவு வேலை. காலையில் வந்து, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மாடி அறையில் திரையை இழுத்துவிட்டுப் படுப்பாள். படுத்தால் மூன்று மணி வரைக்கும் இடி விழுந்தாலும் எழ மாட்டாள்.

வீடு அவர்களுடைய சொந்த வீடு. கீழே கூடமும் சமையலறையும், மேலே இரண்டு படுக்கையறைகளும். கூடத்து உள்கூரையை மட்டும் அவர் யாரையும் தொடவிடவில்லை. நாற்பது ஞாயிற்றுக்கிழமை அதற்கே போயிற்று. நடுவில் பதினாறு இதழ்ப் பூ ஒன்று; அதன் மொட்டு ஒரு கைப்பிடி அளவுக்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கும். அதிலிருந்து நான்கு கொடிகள் நான்கு மூலைக்கும் ஓடும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டால் அவருக்குக் காபி கொடுக்கவே மனசு வராது.

ஒரு நாள் காலையில் நர்ஸ் ஒரு பையோடு வந்தாள். உள்ளே ஆறு வெள்ளை வட்டப் பெட்டிகள்.

“என்ன இது, சோப்பு டப்பாவா?”

“புகை அலாரம். இன்னைக்கே மாட்டணும்.”

“நம்ம வீட்டுக்கா? எதுக்கு?”

அவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். “நேத்து மூணு பேரைக் கொண்டுவந்தாங்க. ஒரே வீட்டு ஆளுங்க. உடம்புல ஒரு கொப்புளம் இல்ல, சட்டை கருகல. தீ அவங்க ரூம் பக்கமே போகலையாம். புகைதான் போயிருக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “ரெண்டு பேர் பொழைச்சாங்க” என்றாள்.

அவர் குரலை இறக்கினார். “புகை வந்தா மூக்குக்குத் தெரியாதா?”

“முழிச்சிருந்தாத் தெரியும். தூங்கறப்ப மூக்கும் சேர்ந்து தூங்கிடும். காது மட்டும்தான் காவல் இருக்கும்.”

“உன் காதா? அதுவும் போர்வையைப் போத்திக்கிட்டுத்தானே தூங்குது.”

“அதனாலதான் தலைக்கு மேலயே ஒண்ணு வேணுங்கறேன்.”

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. ஆனால் எங்கே மாட்டுவது என்பதில் அவருக்குத் தனிக் கணக்கு இருந்தது. கூடத்தில் பூவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை டப்பாவா? நல்ல முகத்தில் மரு வைத்த மாதிரி இருக்காதா? கூரையும் சுவரும் சேரும் மூலையில், அலங்கார விளிம்புக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாமல் ஒன்றைச் செருகினார். இரண்டாவது, அடுப்புக்கு நேர் மேலே. ‘தீ அடுப்பில்தானே பிறக்கிறது, பிறந்த இடத்திலேயே பிடித்துவிடலாம்.’ மீதி நான்கும் அலமாரி மேல் போய் உட்கார்ந்தன.

அன்று மாலை அவள் எண்ணெயில் கடுகு போட்டதும் அலாரம் வீறிட்டது. மகள் குதித்துக் கைதட்டினாள். மறுநாள் அப்பளம் பொரித்தபோது ஒரு தடவை. அதற்கடுத்த நாள் வெறும் வெந்நீர் கொதித்ததற்கே ஒரு தடவை. பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “உங்க வீட்டுல என்ன சமையல்னு இப்பல்லாம் தெருவுக்கே தெரியுது” என்றாள். நான்காம் நாள் சீலிங்காரர் ஸ்டூல் போட்டு ஏறி அதன் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நர்ஸ் அதைப் பார்த்தாள். சண்டை போடவில்லை. தங்கைக்குப் போன் செய்தாள்.

தங்கைக்கு ஒரு நாடக அரங்கில் வேலை. மேடையில் மழை, இடி, பனி, புகை எதுவானாலும் அவள்தான் கிளப்ப வேண்டும். சீலிங்காரர் அவளை ‘மேகக்காரி’ என்றே கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு சின்ன மின்சார ஹீட்டர், ஒரு பெரிய டார்ச் விளக்கு மூன்றையும் சுமந்துகொண்டு வந்து இறங்கினாள்.

“மாமா, உங்க மூலை அலாரத்துக்கும் புகைக்கும் ஒரு பந்தயம் வெச்சுப் பார்த்துடலாமா?”

“வாம்மா மேகக்காரி. புகைக்கு மூலை தெரியாதா என்ன? வீடு பூராவும் பரவுறதுதானே புகை.”

“பரவும். எப்பப் பரவும், எந்த வழியாப் பரவும்கிறதுதான் கேள்வி. கையில வாட்ச் இருக்கில்ல? நேரம் பாருங்க.”

அவள் இன்னும் இரண்டு அலாரங்களை எடுத்து, ஒன்றைக் கூடத்துப் பூவின் அருகிலும் மற்றதை மாடிப்படி முடியும் இடத்தில் கூரையிலும் டேப்பால் ஒட்டினாள். மூலையில் இருந்ததை அப்படியே விட்டாள். ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறிகளை நிறுத்தி, திரைகளை இழுத்துவிட்டாள். கூடம் மங்கியது. மாடியில் பெரியவர்கள் அறைக் கதவைத் திறந்துவைக்கவும், மகள் அறைக் கதவைச் சாத்தவும் சொன்னாள்.

“இது நாடகப் புகை. நிஜப் புகைக்கு இருக்கற சூடு இதுக்குக் கிடையாது. அதனால ஹீட்டரை அடியில வெச்சு மேல ஏத்தறேன். நிஜத்துல இதைவிட வேகமாத்தான் போகும்” என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள்.

பெட்டி பெருமூச்சு விட்டது. சோபா அருகிலிருந்து ஒரு வெள்ளைத் தூண் எழுந்தது. யாரும் இழுக்காமல், யாரும் தள்ளாமல், நேராகக் கூரைக்குப் போய் முட்டியது. மேகக்காரி டார்ச்சைக் கூரையோடு ஒட்டிக் கிடைமட்டமாகப் பிடித்தாள். அப்போதுதான் எல்லோருக்கும் அது தெரிந்தது.

தரையில் குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் எப்படி ஓடுமோ, அப்படிப் புகை கூரையில் ஓடியது, தலைகீழாக. முதலில் பூவின் நடுவில் நிறைந்தது. பதினாறு இதழ்களுக்கும் இடையில் ஒவ்வொரு குழியாகப் புகுந்து ததும்பி வழிந்தது. பிறகு நான்கு கொடிகளையும் தொட்டுத் தடவிக்கொண்டு கிளம்பியது. அவர் விரலால் இழைத்த ஒவ்வொரு இலையையும் சுற்றி ஒரு சுழி விழுந்தது. கூடத்தின் கீழ்ப்பாதியில் துளிப் புகை கிடையாது; நால்வரும் தெளிந்த காற்றில் நின்றுகொண்டு, தலைக்கு மேலே ஓர் ஆறு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீலிங்காரரின் வாய் திறந்தபடியே இருந்தது. அந்தக் கூரையின் ஒவ்வொரு அங்குலமும் அவர் கை பட்டது. அதில் ஓட்டம் உண்டு, மேடு பள்ளம் உண்டு, துறை உண்டு என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

பூவின் அருகிலிருந்த அலாரம் அலறியது. “முப்பத்தெட்டு செகண்ட்” என்றார், வாட்சைப் பார்த்து.

புகை மாடிப்படியைக் கண்டுகொண்டது. அதுவரை சோம்பலாக ஊர்ந்தது, படி இருக்கும் திறப்பு வந்ததும் சட்டென்று தலை தூக்கி மேலே பாய்ந்தது. ஒரு படியிலும் கால் வைக்காமல் எல்லாப் படியையும் ஒரே மூச்சில் தாண்டியது. நால்வரும் பின்னாலேயே ஓடினார்கள். அவர்கள் பாதிப் படி ஏறுவதற்குள் மேல் அலாரமும் கத்தியது. மேலே போய்ப் பார்த்தால் புகை நடைவழிக் கூரையை நிரப்பிவிட்டு, திறந்திருந்த படுக்கையறை நிலைக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. நுழைந்ததும் மறுபடி நிமிர்ந்து கூரையில் ஏறிக்கொண்டது.

நர்ஸ் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் தலையணைக்கு நேர் மேலே அந்த வெள்ளை மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டிருந்தது. புகையில் சிக்கி வார்டுக்கு வருகிற ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களைத் தேடி வந்தது எந்த வழியாக வந்தது என்பதை இப்போதுதான் பார்த்தாள். சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் அறைக் கதவின் மேல் இடுக்கில் மட்டும் ஒரு நூல் போலப் புகை நுழைந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே அநேகமாக ஒன்றுமே இல்லை.

“சாத்தின கதவு எவ்வளவு பெரிய வேலை செய்யுது பாருக்கா” என்றாள் தங்கை.

மகள் அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, புகைக்கு நம்ம வீடு நல்லாத் தெரிஞ்சிருக்குப்பா.”

அவர் கீழே இறங்கிக் கூடத்து மூலையைப் பார்த்தார். கூரையும் சுவரும் சேரும் அந்தக் கோணத்துக்குள் நுழையாமல், புகை ஒரு சாண் முன்னாலேயே வளைந்து சுவரோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. விளிம்புக்குப் பின்னால் அவர் செருகிய அலாரம் அமைதியாகப் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அது கத்தியபோது வாட்சில் மூன்று நிமிடம் தாண்டிவிட்டிருந்தது.

ஜன்னல்களைத் திறந்து புகையை வெளியேற்றிய பிறகு மேகக்காரி, “பூவைக் கெடுக்க வேண்டாம் மாமா. கொஞ்சம் தள்ளி, கூரையோட சமதளத்துல வெச்சாப் போதும்” என்றாள்.

“அது முதல்ல போன இடத்துலதான் வெக்கணும்.”

அவர் ஏணியைப் போட்டு ஏறினார். சின்ன ரம்பத்தை எடுத்துப் பூவின் மொட்டை அறுத்தார். நாற்பது ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி மூன்று அந்த மொட்டுக்குப் போனவை. மாவு அவர் இமையிலும் மீசையிலும் கொட்டியது. இதழ்களோடு சமமாக இழைத்துவிட்டு அங்கே அலாரத்தைத் திருகினார். இறங்கி நின்று பார்த்து, “மரு மாதிரி இல்ல. பொட்டு மாதிரிதான் இருக்கு” என்றார்.

அன்றே மற்றவையும் இடம் பிடித்தன. மாடிப்படி முடியும் நடைவழியில் ஒன்று. படுக்கையறைக்கு ஒன்றாக இரண்டு, மின்விசிறிக் காற்று படாத இடமாகப் பார்த்து. சமையலறைக்கு வெளியே, அடுப்பிலிருந்து நான்கைந்து எட்டுத் தள்ளி ஒன்று. அடுப்பங்கரைக்குள் புகைக்குப் பதிலாகச் சூட்டுக்கு மட்டும் கத்துகிற வேறு வகை ஒன்றைத் தங்கை வாங்கிக் கொடுப்பதாகச் சொன்னாள். ஒன்று கத்தினால் எல்லாம் சேர்ந்து கத்தும்படி அவற்றை ஒன்றோடொன்று இணைத்தாள். கையில் ஒன்று மீதி இருந்தது.

“மாடிப்படிக்குக் கீழ அந்த அறையில என்ன இருக்கு?”

“என் சாமான்தான். கலவை கலக்குற மெஷின், டிரில், அதுக்கெல்லாம் சார்ஜ் போடறது அங்கதான்.”

“அப்ப ஆறாவது அங்க.”

“அந்தப் பொந்துலயா? அங்க யார் தூங்கறாங்க?”

“அது மேலதானே அக்கா இறங்கி வர்ற படி இருக்கு?”

அவர் ஸ்டூலை எடுத்து வந்தார்.

நான்கு மாதம் போயிற்று. ஒரு புதன்கிழமை. முந்தைய நாள் வேலை செய்த இடத்தில் சாரத்திலிருந்து கலவை மெஷினின் பேட்டரி கை தவறிக் கீழே விழுந்திருந்தது. ஓரத்தில் ஒரு விரிசல், பக்கவாட்டில் லேசான வீக்கம். ‘ஓடுகிறவரை ஓடட்டும்’ என்று காலையில் அதைப் படிக்கீழ் அறையில் சார்ஜ் போட்டுவிட்டு, வேறு பேட்டரியோடு வேலைக்குப் போய்விட்டார். மகள் பள்ளியில். நர்ஸ் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு நல்ல தூக்கத்தில்.

பதினொன்றே கால் மணிக்கு அவள் தலைக்கு மேலே அலாரம் கூவியது.

முதலில் ஆஸ்பத்திரி என்றே நினைத்தாளாம். ‘எந்தப் படுக்கை?’ என்று கேட்டுக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். பிறகுதான் அது தன் அறை, வீடு முழுவதும் ஒரே குரலில் கத்துகிறது என்று புரிந்தது. அடுப்பு எரியவில்லை, வீட்டில் வேறு ஆள் இல்லை. புறங்கையைக் கதவில் வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. திறந்தாள். நடைவழி தெளிவாக இருந்தது. ஆனால் படித் திறப்பின் விளிம்பில் கறுப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது.

அவள் போனை எடுக்கத் திரும்பவில்லை. செருப்பைத் தேடவில்லை. அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். குனிந்துகொண்டு, சுவரைப் பிடித்தபடி படியில் இறங்கினாள். தலைக்கு ஒரு முழம் மேலே அது போய்க்கொண்டிருந்தது. அன்று பார்த்த அதே ஓட்டம்; ஆனால் கறுப்பாக, கனமாக, எண்ணெய் மாதிரி. ‘அது மேல போகுது, நான் கீழ போறேன். ஒருத்தர்மேல ஒருத்தர் இடிச்சுக்காம ஒரே படியில போய்க்கிட்டிருக்கோம்’ என்று தோன்றியதாகப் பின்னால் சொன்னாள். காலடியில் படிக்கட்டு சூடாக இருந்தது. உள்ளே படபடவென்று வெடிக்கும் சத்தம். கூடத்தைக் கடந்து வாசலுக்கு வந்து, வெளிக் கதவையும் சாத்திவிட்டுத் தெருவில் போய் நின்றாள்.

தையற்காரம்மா ஓடி வந்தாள். அவள்தான் தீயணைப்புக்குப் போன் செய்தாள், சீலிங்காரருக்கும் செய்தாள்.

சாரத்தின் மேல் நின்றபடி அவர் கேட்டது ஒரே கேள்வி. “அவ வெளியில இருக்காளா?”

“இருக்காங்க. என் பக்கத்துலதான் நிக்கிறாங்க.”

“கண்ணால பார்த்துச் சொல்றீங்களா?”

“கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்ப்பா.”

அவர் வந்து சேர்ந்தபோது தீயணைப்பு வண்டிகள் வந்து தீயை அடக்கியிருந்தன. அவள் கசங்கிய வீட்டு உடையில், வெறுங்காலோடு, தையற்காரம்மா வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் எதிரே நின்றார். கடைசியில் குனிந்து அவள் பாதத்தில் ஒட்டியிருந்த சின்னக் கல்லைத் தட்டிவிட்டார். வேறு ஒன்றும் செய்ய வரவில்லை.

“ஒண்ணுமில்லைங்க. எனக்குத் தூக்கம்தான் போச்சு” என்றாள் அவள்.

தீயணைப்பு அதிகாரி ஒரு பெண். தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே வந்தார். “படிக்கீழ் அறையிலதான் ஆரம்பிச்சிருக்கு. என்ன வெச்சிருந்தீங்க?”

“கீழ விழுந்த பேட்டரி. வீங்கியிருந்துச்சு. தெரிஞ்சேதான் போட்டேன்” என்றார் சீலிங்காரர். மறைக்க அவருக்குத் தோன்றவில்லை.

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். “அவங்க இறங்கின ரெண்டாவது நிமிஷம் மாடி ஜன்னல்ல கரும்புகை வந்துச்சுன்னு பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. ரெண்டு நிமிஷம். அந்தப் பொந்துக்குள்ள அலாரம் வெக்கணும்னு யாருக்குத் தோணுச்சு?”

“என் மச்சினிக்கு.”

“அவங்களுக்கு நான் வணக்கம் சொன்னேன்னு சொல்லுங்க. வாங்க, இப்ப உள்ள வரலாம். படி மேல மட்டும் கால் வெக்காதீங்க.”

அவர் உள்ளே போனார். வழக்கம்போலக் கண் மேலேதான் போனது. போன கண் அங்கேயே நின்றுவிட்டது.

புகை தன் வழியை எழுதிவிட்டுப் போயிருந்தது. படிக்கீழ் அறைக் கதவுக்கு மேலே தாரை ஊற்றியது போலக் கறுப்பு. அங்கிருந்து அகன்று, கூரையில் அலையலையாக, பூவை நோக்கி. பதினாறு இதழ்களுக்கு இடையிலும் கரி படிந்து, ஒவ்வோர் இதழும் மை தீட்டியது போல எழுந்து நின்றது. கொடிகளைச் சுற்றி, அன்று டார்ச் வெளிச்சத்தில் கண்ட அதே சுழிகள். ஒரு சுழிகூடத் தப்பவில்லை. படித் திறப்பில் ஒரே கறுப்பு. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தபோது மேல் நடைவழியில் இருள்; அந்த இருளின் ஓரத்தில் சாத்தியிருந்த படுக்கையறைக் கதவு.

நான்கு மாதத்துக்கு முன் வெள்ளைப் புகை கால் மணி நேரம் ஆடிக் காட்டியதை இன்று கரும்புகை எழுத்துப் பிசகாமல் செய்திருந்தது. அன்று அது வேடிக்கை காட்டியதாக அவர் நினைத்திருந்தார். நடக்கப்போவதை நடப்பதற்கு முன்பே வீட்டுக்குள் நின்று பார்த்திருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மூலையில் கிடந்த ஸ்டூலைத் துடைத்துப் போட்டு ஏறினார். கூரையும் சுவரும் சேரும் கோணம். அவர் முதன்முதலில் அலாரத்தைச் செருகிய இடம். ஆட்காட்டி விரலை நுழைத்துத் தேய்த்து எடுத்தார். விரலில் வெறும் சுண்ணாம்பு வெள்ளை. ஒரு சாண் தள்ளித் தேய்த்தார். விரல் நகக்கண் வரை கறுத்தது.

“என்ன பார்க்கறீங்க?” என்றார் அதிகாரி, கீழேயிருந்து.

“அலாரத்தை இங்கயே விட்டிருந்தா அவளுக்குக் கேட்டிருக்காது மேடம்.”

அவர் இறங்கி வெளியே வந்தார். வெயில் கண்ணைக் கூச வைத்தது. மனைவியிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது: பேட்டரி வீங்கியிருந்ததை அவர் காலையிலேயே பார்த்தது ஒன்று, கூரையில் எழுதியிருந்தது ஒன்று. எதை முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மதிலைச் சுற்றிப் போனார்.

படியில் அவள் இல்லை. தையற்காரம்மா வாசலில் நின்று விரலை உதட்டில் வைத்து உள்ளே கைகாட்டினாள். தைக்கும் அறையில், வெட்டிய துணிக் குவியல்களுக்கு நடுவே, ஒரு பழைய நீள நாற்காலியில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவருக்குத் தைத்துக்கொண்டிருந்த நீலத் துணி அவள் மேல் போர்த்தியிருந்தது. பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்காலில் படிக்கட்டின் கரி.

“டீ போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள சாஞ்சுட்டாங்க. எழுப்பவா?” என்று கிசுகிசுத்தாள் தையற்காரம்மா.

“வேண்டாங்க. இது அவ தூங்கற நேரம்.”

அவர் தரையில் உட்கார்ந்தார். இரண்டு விஷயமும் நெஞ்சிலேயே இருந்தன. மூன்று மணி வரை இருக்கட்டும். நீலத் துணி அவள் மூச்சோடு மேலே வந்தது, கீழே போனது. மறுபடி வந்தது. உதடு லேசாகத் திறந்திருந்தது. இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்ன மச்சம் இருந்தது. அது எப்போதிலிருந்து அங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.